தோற்ற அணிக்கும் அடுத்த ஆட்டம் வேண்டும்

பள்ளி திறந்த சில வாரங்களில் பெற்றோரின் கைப்பேசிக்கு ஒரு படிவம் வரும். உங்கள் பிள்ளை தேசியப் பள்ளிகள் விளையாட்டுப் போட்டிகளில் பள்ளியைப் பிரதிநிதித்து ஆடப் போகிறார், இன்ன நாள், இன்ன திடல், இத்தனை மணிக்குத் திரும்புவார் என்று அதில் இருக்கும். கூடவே 'பி பிரிவு', 'மேற்கு வட்டாரம்', 'லீக் 2' என்பன போன்ற சொற்களும் இருக்கும். நாம் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, 'பேரண்ட்ஸ் கேட்வே' செயலியில் ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தச் சொற்களைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. நம் பிள்ளை இந்த ஆண்டு ஓர் ஆட்டத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாரா, ஏழு ஆட்டம் ஆடுவாரா என்பதை முடிவு செய்பவை அவைதாம். பயிற்றுநரின் திறமையும் பிள்ளையின் உழைப்பும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

மூன்று சொற்கள், மூன்று கேள்விகள்

முதல் சொல், பிரிவு. இங்கே அது வயதைக் குறிக்கும். தொடக்கப் பள்ளிகளில் ஜூனியர், சீனியர் என இரண்டு பிரிவுகள். உயர்நிலை 1, 2 பிள்ளைகள் பெரும்பாலும் சி பிரிவு. உயர்நிலை 3 முதல் 5 வரை பி பிரிவு. தொடக்கக் கல்லூரி மாணவர்கள் ஏ பிரிவு.

இரண்டாவது சொல், வட்டாரம். இது முகவரியைக் குறிக்கும். பள்ளிகளை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சுவா சூ காங்கில் உள்ள யூனிட்டி உயர்நிலைப் பள்ளியும் கிராஞ்சி உயர்நிலைப் பள்ளியும் மேற்கு வட்டாரத்தைச் சேர்ந்தவை. பல குழு விளையாட்டுகளில் முதலில் வட்டாரத்துக்குள் ஆடி, முன்னணியில் வரும் பள்ளிகள் தேசியச் சுற்றுக்குப் போவதுதான் நெடுங்கால வழக்கம். தொடக்கக் கல்லூரிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஏ பிரிவில் வட்டாரச் சுற்று கிடையாது. நம் டெக் வாய் பக்கம் இருக்கும் ஜூரோங் பயனியர் தொடக்கக் கல்லூரி நேரடியாகவே தீவு முழுவதிலும் உள்ள கல்லூரிகளோடு மோதுகிறது.

மூன்றாவது சொல், லீக். இது ஆட்டத் திறனைக் குறிக்கும். காற்பந்து போன்ற சில விளையாட்டுகளில் அண்மைக் காலத்தில் பள்ளிகளை லீக் 1, லீக் 2 என்று பிரிக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய சம பலமுள்ள அணிகள் தங்களுக்குள் மோதும். லீக் 2க்கும் தனி இறுதியாட்டம் உண்டு, தனி வெற்றியாளர் உண்டு.

இந்த மூன்றாவது சொல்தான் பெற்றோரைச் சங்கடப்படுத்துகிறது. எங்கள் புளோக்கின் வெற்றுத்தளத்தில் ஒருநாள், மகனின் காலணியை அலசிக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு தங்கை என்னிடம் கேட்டார்: "அண்ணே, லீக் டூன்னா ரெண்டாந்தரமா? பையன் நல்லா ஆடுறான்னுதானே சார் சொன்னாரு?" அந்தக் கேள்வியில் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. மதிப்பெண் அட்டையைப் படித்துப் படித்து, எண் பெரிதானால் தரம் குறைவு என்று நம் மனம் பழகிவிட்டது. அவருக்கு அன்று பேப்பரில் ஒரு சிறிய கணக்குப் போட்டுக் காட்டினேன். அதை இங்கேயும் போடுகிறேன்.

ஒரு சிறிய கணக்கு

ஒரு வட்டாரத்தில் 16 பள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். தோற்றால் வெளியே என்ற முறையில் நடத்தினால், 15 ஆட்டங்களில் வெற்றியாளரைக் கண்டுபிடித்துவிடலாம். திடல் செலவு குறைவு, நடுவர் செலவு குறைவு, இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் 8 பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு கிளம்பிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் வாரம் இரண்டு மூன்று நாள் வெயிலில் பயிற்சி செய்ததற்கு அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

அதே 16 பள்ளிகளை நான்கு குழுக்களாகப் பிரித்தால், ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது 3 ஆட்டங்கள். குழுச் சுற்றுக்கு மட்டும் 24 ஆட்டங்கள் தேவை. ஆனால் குலுக்கலில் பலமான அணியும் புதிதாகத் தொடங்கிய அணியும் ஒரே குழுவில் விழுந்துவிட்டால், 9க்கு 0 என்று முடியும் ஆட்டங்கள் வரும். தோற்றவர்கள் அழுவார்கள். வென்றவர்களும் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

பலத்தின்படி எட்டு எட்டாக இரண்டு லீக்குகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் ஒவ்வோர் அணிக்கும் 7 ஆட்டங்கள். மொத்தம் 56 ஆட்டங்கள். செலவு கூடும், ஆசிரியர்களின் சனிக்கிழமைகள் போகும், திடலுக்கு முன்பதிவு கிடைப்பது பெரும்பாடு. ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்றாலும், அடுத்த வாரம் இன்னோர் ஆட்டம் காத்திருக்கிறது. போன வாரம் செய்த தவற்றைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

கணக்கைப் பார்த்துவிட்டு அந்தத் தங்கை, "அப்ப இவனுக்கு லீக் டூதான் நல்லது" என்றார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லீக் எண்ணைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன், ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் அதே சொற்கள்

பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் எண்ணமுள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இளையர்களும் உண்டு. அவர்கள் வழியாக 'டிவிஷன்', 'கான்ஃபரன்ஸ்' என்ற சொற்கள் நம் காதில் விழுகின்றன. நம் பள்ளி விளையாட்டில் புழங்கும் சொற்களைப் போலவே இருக்கும். பொருளோ வேறு.

அங்கே கல்லூரி விளையாட்டின் அரசன் அமெரிக்கக் காற்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தித் தலைக்கவசத்தோடு ஓடும் ஆட்டம். 1869ல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரு கல்லூரிகள் ஆடியதைத்தான் அதன் முதல் கல்லூரி ஆட்டமாகச் சொல்கிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் 'என்சிஏஏ' சங்கத்தின் தொடக்கம் 1906.

அந்தச் சங்கம் 1973ல் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. நமக்குப் பிரிவு என்றால் வயது. அவர்களுக்கு டிவிஷன் என்றால் கல்லூரி விளையாட்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பது. முதல் டிவிஷனில் பெரிய அரங்கங்களும் முழு உபகாரச் சம்பளங்களும் உண்டு. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளமே கிடையாது. ஆனால் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கும் அந்த டிவிஷன்தான் எண்ணிக்கையில் பெரியது. காற்பந்துக்கு மட்டும் முதல் டிவிஷனையே 1978ல் மேலும் இரண்டாகப் பிரித்தார்கள். அதன் மேல்தட்டில் இன்று 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன.

நம் வட்டாரத்துக்கு இணையானது அவர்களின் கான்ஃபரன்ஸ். கூட்டம் என்று பொருள் கொள்ள வேண்டாம். ஆண்டுதோறும் தங்களுக்குள் மோதிக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்துகொண்ட கல்லூரிகளின் கூட்டணி அது. 1896ல் அமைந்த 'பிக் டென்' மிகப் பழைய கூட்டணிகளில் ஒன்று. நம் பெற்றோர் மரியாதையோடு உச்சரிக்கும் 'ஐவி லீக்' என்பதும் அடிப்படையில் ஒரு விளையாட்டுக் கூட்டணிதான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட 8 பல்கலைக்கழகங்கள் 1954ல் அதற்கான முறையான ஒப்பந்தம் செய்துகொண்டன. விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் தருவதில்லை என்பது அவர்களின் கொள்கை. படிப்பின் பெருமையைச் சொல்லும் பெயராக அது மாறியது பிறகுதான்.

யார் முதலிடம் என்ற தீராத வழக்கு

130க்கும் மேற்பட்ட அணிகள். ஓர் அணி வழக்கமான பருவத்தில் ஆடுவது 12 ஆட்டங்கள்தான். 134 அணிகள் என்று வைத்து எல்லாரையும் எல்லாரோடும் ஆடவைத்தால் 8,911 ஆட்டங்கள் நடத்த வேண்டும். உடம்போடு உடம்பு மோதும் அந்த விளையாட்டில் வாரம் ஓர் ஆட்டத்துக்கு மேல் ஆடவும் முடியாது. அப்படியென்றால் நாட்டின் வெற்றியாளர் யார் என்பதை எப்படிச் சொல்வது?

நெடுங்காலம் அதை வாக்கெடுப்பால் சொன்னார்கள். 1936 முதல் ஏபி செய்தி நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்கு வாங்கித் தரவரிசை வெளியிட்டது. 1950 முதல் பயிற்றுநர்களின் வாக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒத்துப்போகாத ஆண்டுகளில் வெற்றியாளர்கள் இருவர். 1997ல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் அப்படித்தான் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டே தரவரிசைகளையும் கணினிக் கணக்கையும் சேர்த்து, முதல் இரண்டு அணிகளை மட்டும் இறுதியாட்டத்தில் மோதவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அப்போதும் 2003ல் இரண்டு வெற்றியாளர்கள் வந்துவிட்டார்கள்.

2014ல் ஒரு தேர்வுக்குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2023ல் புளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டங்களையும் வென்றிருந்தது. ஆனாலும் குழு அதை நான்கில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர் காயமடைந்துவிட்டார், இனி இந்த அணி பழைய பலத்தோடு இருக்காது என்பது குழுவின் வாதம். ஓர் ஆட்டத்திலும் தோற்காத பிள்ளைகளிடம் உங்களுக்கு அடுத்த ஆட்டம் இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? நாடே கொதித்தது.

மறு ஆண்டு, ஏற்கெனவே திட்டமிட்டிருந்தபடி, 12 அணிகள் ஆடும் முறை வந்தது. கூட்டணிகளின் வெற்றியாளர்களில் தரவரிசையில் மேலே இருந்த ஐவருக்கு அப்போது இடம் நிச்சயமாக இருந்தது. மற்ற ஏழு இடங்களைக் குழு நிரப்பியது. அந்த முறையின் முதல் பருவத்தில் ஒஹையோ ஸ்டேட் அணி இரண்டு ஆட்டங்களில் தோற்றிருந்தது, தன் கூட்டணியின் வெற்றியாளராகவும் வரவில்லை. முந்தைய முறையில் அதற்கு இடம் கிடைத்திருப்பது கடினம். ஆனால் கிடைத்த இடத்தைப் பயன்படுத்தி, 2025 ஜனவரி 20ஆம் தேதி இறுதியாட்டத்தில் நோட்ரடேம் அணியை 34-23 என்று வென்று பட்டத்தை எடுத்துச் சென்றது.

முறையை மாற்றினால் வெற்றியாளரே மாறிவிடுகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அட்டவணையை வெறும் அலுவலக வேலை என்று நினைக்கிறோம். பாதி முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அட்லாண்டிக் கரையில் ஒரு பசிபிக் கல்லூரி

அமெரிக்கக் கூட்டணிகள் முதலில் நம் வட்டாரங்களைப் போலத்தான் இருந்தன. ரயிலில் போய் ஆடிவிட்டுத் திரும்பக்கூடிய அண்டைக் கல்லூரிகள் சேர்ந்தன. ஊர்ப் பகையும் உறவும் கலந்த அந்த ஆட்டங்களுக்குத்தான் கூட்டம் அலைமோதியது. பிறகு தொலைக்காட்சி வந்தது. ஒளிபரப்பு உரிமைக்குக் கூட்டணிகள் பேரம் பேசத் தொடங்கின. பெரிய பெயர்கள் எங்கே சேருகின்றனவோ அங்கே பணம் சேர்ந்தது.

அதன் விளைவை 2024ல் எல்லாரும் பார்த்தார்கள். 1915ல் வேர்விட்ட மேற்குக் கரைக் கூட்டணியான 'பேக் 12'இலிருந்து பத்துக் கல்லூரிகள் வெளியேறிவிட்டன. ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என இரண்டே எஞ்சின. வெளியேறிய ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவும் பசிபிக் கரையில் இருந்துகொண்டே 'அட்லாண்டிக் கோஸ்ட்' கூட்டணியில் சேர்ந்தன. பத்து என்ற பொருளில் பெயர் வைத்த 'பிக் டென்' கூட்டணியில் இப்போது 18 கல்லூரிகள். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு கல்லூரிகளும் அதில் ஒன்றாக இருக்கின்றன. இடையே தூரம் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். நாம் சென்னைக்குப் பறப்பதைவிட அதிகம்.

காற்பந்து அணி பருவத்துக்குச் சில முறைதான் வெளியூர் போகும், சமாளித்துவிடும். வாரத்தின் நடுவிலும் ஆட வேண்டிய கைப்பந்து, மென்பந்து மாணவியர்தான் விமானத்தில் பாடப் புத்தகத்தைத் திறந்துவைத்துத் தூங்கிப்போகிறார்கள். காற்பந்துக்காகப் போட்ட ஒப்பந்தத்தின் சுமையை மற்ற விளையாட்டுப் பிள்ளைகளும் சுமக்கிறார்கள்.

நம் வட்டார முறைக்கு இதனோடு ஒப்பிடும்போதுதான் மதிப்புத் தெரிகிறது. சுவா சூ காங்கிலிருந்து ஜூரோங்குக்குப் போய் ஆடிவிட்டு, மாலைத் துணைப்பாட வகுப்புக்கு வந்துவிடலாம். தாத்தா பாட்டிகூடப் பேருந்து ஏறி வந்து பார்க்கலாம். இந்தியாவிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் இதே அடிப்படையில்தான் நடக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து நடத்துகிறது. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் இளையர்களில் 'சவுத் ஸோன்' ஆடியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். போட்டியைவிட அந்த ரயில் பயணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்தை 'வடக்கின் போர்' என்கிறார்கள். அதற்குத் தேசியப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. ஊர் வந்து பார்க்கிறது, அதுவே போதும்.

ஆட்டமே இல்லாத இரண்டு ஆண்டுகள்

ஆட்டங்களின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதை நாம் கொவிட் காலத்தில் பார்த்தோம். 2020ல் பள்ளிப் போட்டிகள் பாதியில் நின்றன. 2021ல் நடக்கவே இல்லை. 2022ல்தான் திரும்ப வந்தன. 2020ல் உயர்நிலை 1ல் சேர்ந்த பிள்ளைகளில் பலருக்கு சி பிரிவு என்று ஒன்று வாழ்க்கையில் இல்லாமலே போனது. அந்தத் தொகுப்பைச் சேர்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரியும். பயிற்சி இருந்தது, ஜெர்சி இருந்தது, ஆட மட்டும் ஆள் இல்லை. சிலர் அந்த இடைவெளியில் விளையாட்டையே விட்டுவிட்டார்கள்.

கொவிட் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் செய்ததை, தோற்றால் வெளியே என்ற முறை ஆண்டுதோறும் பாதிப் பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருக்கிறது. அவர்கள் எண்ணிக்கையில் பாதி என்பதால் நம் கண்ணில் படுவதில்லை. நாளிதழில் வரும் படம் கோப்பையைத் தூக்கியவர்களுடையது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நம் பிரிவுகள் பிறந்த ஆண்டை வைத்தவை. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவு. பதினாறு வயதில் அந்தப் பதினோரு மாதம் பெரிதாகத் தெரியாது. பத்து வயதில் அது ஒரு தலை உயரம். கனடாவின் பனி ஹாக்கியை 1980களில் ஆராய்ந்தவர்கள், உயர்மட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று கண்டார்கள். சிறு வயதில் கொஞ்சம் பெரிதாக இருந்தவனை அணியில் சேர்த்தார்கள். சேர்ந்ததால் அவன் அதிகம் ஆடினான். அதிகம் ஆடியதால் உண்மையிலேயே சிறந்தவனாகிவிட்டான். டிசம்பர் பிள்ளை திறமையில்லாதவன் என்று எல்லாரும் நம்பினார்கள், அவனும் நம்பினான்.

திறமை எப்போது வெளிப்படும் என்பதற்கு நம்மிடமே நல்ல சான்று உண்டு. ஓட்டக்காரர் சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடிகளில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. 2001ல் யு.கே. ஷியாம் 10.37 ஓடித்தான் அதை முறியடித்தார். அந்தக் குணாளன் தீவிரமாக ஓட்டப் பயிற்சிக்கு வந்தது இருபது வயதை ஒட்டி, ஆசிரியர் பயிற்சிக் காலத்தில். அதற்கு முன் அவர் காற்பந்து ஆடிக்கொண்டிருந்தார். பத்து வயதில் வடிகட்டி, பன்னிரண்டு வயதில் முத்திரை குத்தினால் இப்படிப்பட்டவர்கள் எங்கே போவார்கள்?

பெற்றோர் என்ன செய்யலாம்?

நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டம் வந்ததிலிருந்து தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளின் ஆட்டங்களில் பெற்றோரின் பதற்றமும் ஆடுகிறது. பக்கக் கோட்டில் நின்று பயிற்றுநரைவிட உரக்கக் கத்துவது அந்தப் பதற்றம்தான். அந்தத் திட்டத்தில் இடம் கிடைத்து ஏற்றுக்கொண்டால், பிள்ளை அந்த உயர்நிலைப் பள்ளியிலேயே படித்து முடிக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. நான்கு ஐந்து ஆண்டுகள். அந்தப் பள்ளி வெல்லும் கோப்பைகளை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு, பிள்ளை மாற்று ஆட்டக்காரர் இருக்கையிலேயே பருவங்களைக் கழித்தால் யாருக்கு லாபம்?

ஆகவே பள்ளியின் பொது வரவேற்பு நாளில், 'கடைசியாக எப்போது தங்கம் வென்றீர்கள்?' என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல் இன்னும் சில கேள்விகளைக் கேட்கலாம். போன பருவத்தில் பள்ளி எத்தனை ஆட்டங்கள் ஆடியது? எந்த லீக்கில்? அணியில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் திடலில் இறங்கினார்கள்? முதல் அணிக்குத் தேறாதவர்களுக்கு நட்புமுறை ஆட்டங்கள் உண்டா? பொறுப்பாசிரியர் தயங்காமல் பதில் சொல்கிறார் என்றால் அங்கே யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஏற்கெனவே அணியில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு செய்தி. உயர்நிலைப் பள்ளிகளின் 'லீப்ஸ் 2.0' இணைப்பாட மதிப்பீட்டில், பள்ளியைப் பிரதிநிதித்து ஆடியதே கணக்கில் சேரும். கோப்பை வென்றால்தான் என்பதில்லை. எந்த லீக் என்று கவலைப்பட்டுப் பாதியில் விலகிவிடும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஆசை இருப்பவர்களுக்கும் அதே அணுகுமுறை உதவும். முதல் டிவிஷன் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போய், நான்கு ஆண்டும் ஆடாமல் இருப்பதைவிட, மூன்றாம் டிவிஷன் கல்லூரியில் படித்துக்கொண்டே வாராவாரம் ஆடுவது பல பிள்ளைகளுக்குப் பொருந்தும். அங்கே விளையாட்டுக்கு உபகாரச் சம்பளம் இல்லை என்பதையும், படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி இருக்கலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிகளுக்கும் போட்டிகளை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். சம பலமுள்ளவர்களைச் சேர்த்து ஆட்டங்களைக் கூட்டும் இந்த வழி நல்ல வழி. அதை இன்னும் பல விளையாட்டுகளுக்கும், ஒவ்வொரு பள்ளியின் இரண்டாவது அணிக்கும் கொண்டுபோக முடிந்தால் நல்லது. திடலும் நடுவரும் போதாது என்பது உண்மையான தடை. அதில் பெற்றோரும் பழைய மாணவர்களும் கைகொடுக்கலாம். தேசிய சேவை முடித்துவிட்டு, வார இறுதியில் புளோக் அருகில் பந்து உதைக்கும் இளையர்கள் நம் பேட்டையில் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் நடுவர் பயிற்சி எடுத்துக்கொண்டால், சனிக்கிழமை காலையில் கூடுதலாக ஓர் ஆட்டம் நடக்கும்.

அடுத்த முறை செயலியில் அந்தப் படிவம் வரும்போது பிரிவு, வட்டாரம், லீக் மூன்றையும் படியுங்கள். மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், ஜெயித்தாயா என்று கேட்பதற்கு முன்னால், அடுத்த ஆட்டம் எப்போது என்று கேளுங்கள். பதிலாக ஒரு தேதி வந்தால், அன்றைய முடிவு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.